ஐபிவி6: முகவரி வந்துவிட்டது, கதவுக்குப் பூட்டு எங்கே?

‘நெட் ஸ்லோவா இருக்கா? ரவுட்டர் செட்டிங்ஸ்ல போய் ஐபிவி6-ஐ ஆஃப் பண்ணிடுங்க, சரியாயிடும்.’ பிராட்பேண்ட் இணைப்பில் சிக்கல் என்றதும் நண்பர்கள் தொடங்கி டெக்னீஷியன் வரை பலரும் சொல்லும் ஆலோசனை இது. சில நேரம் வேலையும் செய்கிறது. ஆனால், பெரும்பாலும் சிக்கல் ஐபிவி6-ல் இல்லை. ரவுட்டரில் அதைப் பாதி அமைத்துவிட்டு அப்படியே விட்டதில்தான் இருக்கிறது.

இந்தியாவில் ஐபிவி6 இனி ‘வரப்போகும்’ தொழில்நுட்பம் அல்ல. கூகுள் வெளியிடும் பொதுப் புள்ளிவிவரப்படி, இந்தியாவிலிருந்து அதன் தளங்களுக்கு வருபவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் ஐபிவி6 வழியாகவே வருகிறார்கள். உலக அளவில் முன்வரிசையில் இருக்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 2016 செப்டம்பரில் சேவையைத் தொடங்கிய ஜியோ, ஆரம்பத்திலிருந்தே ஐபிவி6-ஐ நம்பி இறங்கியது இதற்கு முக்கியக் காரணம்.

போனில் இதற்காக நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. எல்லாவற்றையும் நிறுவனமே அமைத்துவிடுகிறது. வீட்டு ரவுட்டரும் அலுவலக ரவுட்டரும் அப்படி அல்ல. அங்கே யாரோ ஒருவர் உட்கார்ந்து அமைக்க வேண்டும். அந்த ‘யாரோ ஒருவர்’ பல இடங்களில் இல்லை என்பதுதான் இன்றைய பிரச்சினை.

முகவரி எப்படித் தீர்ந்தது?

இணையத்தில் இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண் முகவரி வேண்டும். 1981-ல் வரையறுக்கப்பட்ட ஐபிவி4 முறையில் முகவரியின் நீளம் 32 பிட். மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள். அன்றைக்கு அது கடல் மாதிரி தெரிந்தது. ஆனால், 2011 பிப்ரவரி 3 அன்று உலக அளவிலான பொதுக் கையிருப்பின் கடைசித் தொகுதிகளும் பகிர்ந்தளிக்கப்பட்டுவிட்டன. இந்தியா உள்ளிட்ட ஆசிய - பசிபிக் பகுதிக்கு முகவரி வழங்கும் ஏபிநிக் அமைப்பு, அதே ஆண்டு ஏப்ரலிலேயே கடைசித் தொகுதிக்கு வந்து, பங்கீட்டைக் கடுமையாகச் சுருக்கியது.

பிறகும் இணையம் எப்படி ஓடுகிறது? ‘நாட்’ என்ற மாற்று ஏற்பாட்டால். அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஒரே ஒரு கதவு எண், வரும் தபாலை எல்லாம் வாசலில் வாங்கி வீடு வீடாகக் கொடுக்கும் காவலாளி என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டில் பத்து கருவிகள் இருந்தாலும் வெளியே தெரிவது ஒரே முகவரிதான்.

அந்த ஒரு முகவரியும் இப்போது போதவில்லை. எனவே, சேவை நிறுவனமே இன்னொரு அடுக்கு நாட் போட்டு, பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பங்கிடுகிறது. உங்கள் ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வெளிப்பக்க முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் ஒன்றில் தொடங்கினால், நீங்களும் அப்படிப் பங்கிடப்பட்டவர்தான். வெளியூரிலிருந்து வீட்டு கேமராவை நேரடியாகப் பார்க்க முடியாதது, ஆன்லைன் கேமில் நண்பரோடு இணைப்பு கிடைக்காதது, யாரோ செய்த தவறுக்கு உங்களையும் ஒரு தளம் பிளாக் செய்வது எல்லாம் இதன் பக்க விளைவுகள்.

தட்டுப்பாட்டுக்கு விலையும் வந்துவிட்டது. அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ், 2024 பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர் வசூலிக்கிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 44 டாலர். நூறு முகவரி வைத்திருக்கும் ஒரு சின்ன ஸ்டார்ட்அப்புக்கு இது சில்லறைக் காசு அல்ல.

1998-லேயே வரையறுக்கப்பட்ட ஐபிவி6 இதற்கான நேரடித் தீர்வு. முகவரி நீளம் 128 பிட். 340-க்குப் பின்னால் 36 பூஜ்ஜியம் போட்டால் வரும் எண்ணிக்கை. இங்கே முகவரியைப் பங்கு போட வேண்டியதில்லை. வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் உலகம் முழுக்கச் செல்லுபடியாகும் சொந்த முகவரி கிடைக்கும். நல்ல செய்தி அது. கவலைக்குரிய செய்தியும் அதுதான்.

இன்டர்ஃபேஸ் என்னும் வாசல்

ரவுட்டர் என்பது பல வாசல்கள் உள்ள ஒரு கட்டிடம். சேவை நிறுவனத்தின் கேபிள் வரும் வாசல் ஒன்று, வீட்டு வைஃபை ஒன்று, அலுவலகம் என்றால் கணக்குப் பிரிவுக்கு ஒன்று, விருந்தினர்களுக்கு ஒன்று. இந்த வாசல்களைத்தான் இன்டர்ஃபேஸ் என்கிறார்கள். முகவரி எழுதப்படுவது ரவுட்டரின் மேல் அல்ல, அதன் ஒவ்வொரு வாசலின் மேலும்.

ஐபிவி4-ல் வழக்கமாக வாசலுக்கு ஒரு முகவரி. ஐபிவி6-ல் குறைந்தது இரண்டு இருக்கும். பழகியவர்களையும் முதலில் குழப்புவது இதுதான்.

முதலாவது, ‘எஃப்இ80’ என்று தொடங்கும் உள்ளூர் முகவரி. ஐபிவி6-ஐ இயக்கியதுமே கருவி இதைத் தானே உருவாக்கிக்கொள்ளும். அந்த ஒரு இணைப்புக்குள் மட்டுமே செல்லும், ரவுட்டரைத் தாண்டாது. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடப் பயன்படும் செல்லப்பெயர் மாதிரி; தபாலில் எழுத முடியாது. ஆனால், உங்கள் போன் தன் ‘கேட்வே’யாக ரவுட்டரை அறிந்துகொள்வது இந்த முகவரியால்தான்.

இரண்டாவது, உலகளாவிய முகவரி. இன்றைக்குப் புழக்கத்தில் உள்ளவை 2 அல்லது 3 என்ற எண்ணில் தொடங்குபவை. நான்கு நான்கு இலக்கமாக எட்டுத் தொகுதிகள். இலக்கங்களில் 0 முதல் 9 வரையும், ஆங்கில எழுத்து ஏ முதல் எஃப் வரையும் வரலாம். தொடர்ந்து வரும் பூஜ்ஜியத் தொகுதிகளை ‘::’ என்று ஒரே ஒரு முறை சுருக்கலாம். உதாரணமாக, 2001:டிபி8:1:10::1/64. பாடநூல்களிலும் பயிற்சிகளிலும் உதாரணம் காட்டுவதற்கென்றே ‘2001:டிபி8’ வரிசை ஒதுக்கப்பட்டிருக்கிறது. நிஜ இணையத்தில் அது ஓடாது.

கடைசியில் வரும் /64-ஐ இப்படிப் புரிந்துகொள்ளலாம்: முதல் 64 பிட் தெருவின் பெயர், அடுத்த 64 பிட் வீட்டு எண். தெருப் பெயரைத்தான் ‘பிரிஃபிக்ஸ்’ என்கிறார்கள்.

அமைப்பது நான்கு படி

பெரிய நிறுவனத்தின் ரவுட்டரோ, வீட்டு மூலையில் விளக்கு எரியும் வெள்ளைப் பெட்டியோ, அடிப்படை வேலை ஒன்றுதான்.

முதல் படி, ஐபிவி6 போக்குவரத்தைக் கடத்தும் வேலையை இயக்குவது. சிஸ்கோவின் ஐஓஎஸ் ரவுட்டர்களில் ‘ஐபிவி6 யூனிகாஸ்ட்-ரூட்டிங்’ என்ற கட்டளை இதற்கானது. வழக்கமாக அது அணைந்தே இருக்கும். இதை மறந்துவிட்டு, வாசல்களுக்கு முகவரி மட்டும் கொடுத்துவிட்டு, ‘பிங் போகுது, ஆனா உள்ளே இருக்கிற கம்ப்யூட்டருக்கு முகவரியே வரலையே’ என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ளாத நெட்வொர்க் மாணவர் அபூர்வம். இந்தக் கட்டளை இல்லாவிட்டால் ரவுட்டர் தன்னையும் சாதாரணக் கம்ப்யூட்டராகவே நினைத்துக்கொள்ளும்.

இரண்டாம் படி, ஒவ்வொரு வாசலுக்கும் தனித் தெருப் பெயருடன் முகவரி எழுதுவது. கணக்குப் பிரிவு 10, விருந்தினர் 20 என்று தெருப் பெயரிலேயே அடையாளம் வைத்தால், ஆறு மாதம் கழித்துப் பார்ப்பவருக்கும் புரியும். எஃப்இ80 முகவரியையும் ‘எஃப்இ80::1’ என்று கையால் எளிமையாக வைத்துக்கொள்ளலாம். பிழை தேடும்போது அந்தச் சின்ன ஒழுங்கு பெரிய உதவி.

மூன்றாம் படி, அறிவிப்பு. ‘இந்தத் தெருவின் பெயர் இது, வெளியே போக என்னிடம் வாருங்கள்’ என்று ரவுட்டர் அவ்வப்போது குரல் கொடுக்கும். ஆர்ஏ என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த அறிவிப்பைக் கேட்டு, போனும் லேப்டாப்பும் தெருப் பெயரோடு தாங்களே ஒரு வீட்டு எண்ணைச் சேர்த்து முகவரி ஆக்கிக்கொள்கின்றன. யாரும் பட்டியல் வைத்துப் பங்கிட வேண்டியதில்லை.

வீட்டு இணைப்பில் தெருப் பெயரை நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. உங்கள் ரவுட்டர் சேவை நிறுவனத்திடம் கேட்டு வாங்குகிறது. நிறுவனம் /56 கொடுத்தால் வீட்டுக்குள் 256 தெருக்கள் போடலாம். ஒரே ஒரு /64 மட்டும் கொடுத்தால் ஒரே தெருதான். ஸ்மார்ட் டிவி, பல்பு, கேமரா போன்றவற்றை ஒரு தெருவிலும், அலுவலக லேப்டாப்பை வேறு தெருவிலும் பிரித்து வைக்க நினைப்பவருக்கு அங்கேயே வழி அடைபடுகிறது. முகவரி இவ்வளவு கொட்டிக்கிடக்கும்போது இந்தச் சிக்கனத்துக்கு நியாயமே இல்லை.

நான்காம் படி ஃபயர்வால். அதிகம் மறக்கப்படுவதும் இதுதான்.

எங்கே சறுக்குகிறது?

ஐபிவி4 காலத்தின் பழக்கங்களை அப்படியே கொண்டுவருவதே பெரும்பாலான பிழைகளின் வேர்.

‘இருபது கம்ப்யூட்டருக்கு எதற்கு அத்தனை முகவரி?’ என்று வீணாவதைத் தடுக்க /120 போடுகிறார்கள். விளைவு, கருவிகள் தானாக முகவரி ஆக்கிக்கொள்வது நின்றுவிடும். அந்த வசதி /64-ஐ நம்பியே இயங்குகிறது. கருவிகள் வந்து சேரும் வாசலுக்கு எப்போதும் /64தான். இரண்டு ரவுட்டர்களை மட்டும் நேராக இணைக்கும் வாசலுக்கு /127 போதும் என்று 2011-லேயே வழிகாட்டுதல் வந்துவிட்டது.

அடுத்தது, எல்லா முகவரியையும் டிஎச்சிபி சர்வரிலிருந்தே தருவேன் என்ற பிடிவாதம். யாருக்கு எது கொடுத்தோம் என்று பதிவு இருக்கும் என்பது நியாயமான காரணம்தான். ஆனால், ஆண்ட்ராய்டு போன்கள் டிஎச்சிபிவி6 சர்வரிடம் தனி முகவரி கேட்டு வாங்குவதில்லை. தானியங்கி முறையை அணைத்துவிட்ட அலுவலகத்தில் லேப்டாப்புகளுக்கு ஐபிவி6 வரும், ஆண்ட்ராய்டு போன்களுக்கு வராது. ‘போன் கோளாறு’ என்று பழி போனின் மேல் விழும்.

மூன்றாவது, பாதுகாப்பு என்ற பெயரில் ஐசிஎம்பி செய்திகளை மொத்தமாக அடைப்பது. ஐபிவி4-ல் இதைச் செய்தவர்கள் ஓரளவு தப்பினார்கள். ஐபிவி6-ல் தப்ப முடியாது. பக்கத்துக் கருவியைக் கண்டுபிடிப்பது, ரவுட்டர் அறிவிப்பு எல்லாமே ஐசிஎம்பிவி6 வழியாகத்தான் நடக்கின்றன. அது மட்டுமல்ல, வழியில் உள்ள ஐபிவி6 ரவுட்டர் பெரிய பாக்கெட்டை உடைத்து அனுப்பாது. ‘பெரிதாக இருக்கிறது, சின்னதாக அனுப்பு’ என்று திருப்பிச் சொல்லும். அந்தப் பதிலையே அடைத்துவிட்டால்? தளத்தின் தலைப்பு வரும், படங்கள் வராமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

‘நெட் ஸ்லோ’ புகாரின் இன்னொரு மூலமும் இங்கேதான். இன்றைய பிரவுசர்கள் முதலில் ஐபிவி6-ஐ முயன்று, பதில் வராவிட்டால் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் ஐபிவி4-க்குத் தாவும். ரவுட்டர் முகவரி கொடுத்துவிட்டு வெளியே வழி காட்டாவிட்டால், ஒவ்வொரு தளத்துக்கும் அந்தத் தயக்கம் சேரும். சில ஆப்கள் தாவத் தெரியாமல் நின்றேவிடும். ஆஃப் செய்ததும் வேகம் கூடியது போலத் தெரிவது இதனால்தான்.

லினக்ஸ் கணினியையே ரவுட்டராக்குபவர்களுக்குத் தனியாக ஒரு பொறி உண்டு. ஃபார்வர்டிங்கை இயக்கியதும், மேலே இருந்து வரும் ரவுட்டர் அறிவிப்பை லினக்ஸ் ஏற்பதை நிறுத்திவிடும். வெளிப்பக்க வாசலில் அந்த அமைப்பின் மதிப்பை 2 என்று மாற்றினால்தான் மீண்டும் கேட்கும். இந்த ஒரு எண் தெரியாமல் ஒரு முழு நாள் போய்விடும்.

தற்செயலாகக் கிடைத்த பூட்டு

நாட் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு அல்ல. முகவரியை மிச்சம் பிடிக்க 1990-களில் வந்த தற்காலிக வழி. ஆனால், வெளியிலிருந்து யாரும் அழைக்காமல் உள்ளே வர முடியாதபடி அது தற்செயலாகக் கதவைச் சாத்தி வைத்தது. கடவுச்சொல் மாற்றாத கேமரா, அப்டேட் காணாத பழைய பிரிண்டர் எல்லாம் அந்த நிழலில் பிழைத்தன.

ஐபிவி6-ல் அந்த நிழல் இல்லை. ஃபயர்வால் சரியாக இல்லையென்றால் அந்தக் கேமரா தன் சொந்த முகவரியோடு நேராக இணையத்தில் நிற்கும். வீட்டு ரவுட்டர்களில், உள்ளிருந்து தொடங்காத இணைப்புகளை இயல்பாகவே தடுக்க வேண்டும் என்று 2011-ல் வெளியான ஆர்எஃப்சி 6092 பரிந்துரைக்கிறது. அது பரிந்துரை மட்டுமே. உங்கள் ரவுட்டரில் அது இயங்குகிறதா என்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

‘ஒரு தெருவிலேயே கோடானுகோடி முகவரி இருக்கே, எவன் தேடிக் கண்டுபிடிப்பான்?’ என்று கேட்கலாம். வரிசையாகத் தேடுவது கடினம் என்பது உண்மை. ஆனால், ஒரு கருவி வெளியே எந்தத் தளத்தைத் தொட்டாலும் அதன் முகவரி அங்கே பதிவாகிறது. ஊர் பெரியது என்பதற்காக யாரும் வீட்டைத் திறந்துபோட்டு வெளியூர் போவதில்லை.

சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. லினக்ஸில் ‘ஐபிடேபிள்ஸ்’ விதிகள் ஐபிவி4-க்கு மட்டுமே. ஐபிவி6-க்கு ‘ஐபி6டேபிள்ஸ்’ தனி. முன்வாசலில் இரும்புக் கதவும் பின்வாசலில் திரைச்சீலையும் தொங்கும் சர்வர்கள் இப்படித்தான் உருவாகின்றன.

அந்தரங்கம் பற்றியும் ஒரு வார்த்தை. தொடக்க காலத்தில் கருவியின் வன்பொருள் எண்ணையே நீட்டி வீட்டு எண்ணாக்கும் வழக்கம் இருந்தது. வீட்டில், அலுவலகத்தில், ஹோட்டலில் எங்கே இணைந்தாலும் பின்பாதி மாறாது. ஆளைப் பின்தொடர அதுவே போதும். இதைத் தவிர்க்க, அவ்வப்போது மாறும் தற்காலிக முகவரிகள் வந்தன. இன்றைய போன்களும் லேப்டாப்புகளும் இயல்பாகவே அதைப் பயன்படுத்துகின்றன. மலிவான ஸ்மார்ட் கருவிகள் எல்லாம் அப்படிச் செய்யும் என்று நம்பிவிட முடியாது.

ஆஃப் பண்ணிட்டா போதாதா?

போதாது. முதல் காரணம், ரவுட்டரில் ஆஃப் செய்தாலும் கருவிகளில் அது ஆனில்தான் இருக்கும். விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸில் ஐபிவி6 இயல்பாக இயங்குகிறது. ‘எங்க ஆபீஸ்ல ஐபிவி6 கிடையாது’ என்று சொல்லும் அலுவலகத்திலும் எல்லாக் கம்ப்யூட்டர்களும் ரவுட்டர் அறிவிப்புக்குக் காது கொடுத்தே இருக்கின்றன. உள்ளே நுழைந்த யாரோ ஒருவர் ‘நான்தான் ரவுட்டர்’ என்று பொய்க் குரல் கொடுத்தால், அத்தனையும் நம்பி அவர் வழியாகப் போக்குவரத்தைத் திருப்பும். இதைத் தடுக்க ஸ்விட்சுகளில் ‘ஆர்ஏ கார்டு’ என்ற வசதி இருக்கிறது. ஐபிவி6 பற்றிய நினைப்பே இல்லாத இடத்தில் அதை யார் இயக்குவார்கள்?

இரண்டாவது, தொழில் அதை நோக்கி நகர்ந்துவிட்டது. ஐபிவி6 மட்டுமே உள்ள நெட்வொர்க்கிலும் ஆப் இயங்க வேண்டும் என்று ஆப்பிள் 2016 ஜூன் முதலே ஆப் ஸ்டோரில் கட்டாயமாக்கியது. வீட்டிலும் அலுவலகத்திலும் ஐபிவி6-ஐ அணைத்துவிட்டு ஆப் எழுதும் டெவலப்பர், தன் வாடிக்கையாளர்களில் பெரும்பகுதியினர் பயன்படுத்தும் பாதையைத் தன் கையால் ஒருமுறைகூடச் சோதித்துப் பார்க்காதவர் ஆகிறார்.

யார் என்ன செய்ய வேண்டும்?

மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2010-லும் 2013-லும் ஐபிவி6-க்கான வழித்திட்டங்களை வெளியிட்டது. 2022 இறுதிக்குப் பிறகு வழங்கப்படும் புதிய கம்பிவழி இணைப்புகள் ஐபிவி6-க்குத் தயாராக இருக்க வேண்டும் என்று 2021-ல் கெடுவும் வைத்தது. நோக்கம் சரி. ஆனால், ‘இயங்குமா?’ என்ற கேள்வியோடு நின்றால் போதாது. ‘பாதுகாப்பாக இயங்குமா?’ என்றும் கேட்க வேண்டும். வாடிக்கையாளருக்கு நிறுவனமே கொடுக்கும் ரவுட்டரில் ஐபிவி6 ஃபயர்வால் இயல்பாக இயங்குவதும், குறைந்தது /56 வழங்குவதும் விதியாகவே வர வேண்டும். வீட்டுக்காரர் நெட்வொர்க் நிபுணராக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. கேஸ் சிலிண்டருக்கு ரெகுலேட்டர் கொடுத்துவிட்டுத்தானே இணைப்பு கொடுக்கிறார்கள்?

கல்லூரிகளுக்கும் பயிற்சி மையங்களுக்கும் பங்கு உண்டு. ஐபிவி4 கணக்குகளை வாரக்கணக்கில் போட்டுவிட்டு, ஐபிவி6-ஐக் கடைசி வகுப்பில் ஓட்டிவிடும் பாடத்திட்டம் வேலைக்கு உதவாது. ஒரு ஆய்வக வகுப்பில் இரண்டு ரவுட்டர், மூன்று தெரு, ஒரு ஃபயர்வால் என்று கையால் அமைத்துப் பார்த்த மாணவர், நேர்காணலில் தனித்து நிற்பார்.

வாசகர்கள் செய்ய வேண்டியது பத்து நிமிட வேலை. போனில் வைஃபை விவரப் பக்கத்தைத் திறந்து முகவரிகளைப் பாருங்கள். எஃப்இ80 மட்டும் இருந்தால் வீட்டுக்கு ஐபிவி6 வரவில்லை. 2-ல் தொடங்கும் முகவரியும் இருந்தால் வந்துவிட்டது. வந்துவிட்டது என்றால், ரவுட்டரின் ஃபயர்வால் பக்கத்தில் ஐபிவி6 இயங்குகிறதா என்று பாருங்கள். அப்படி ஒரு அமைப்பே கண்ணில் படாவிட்டால் வாடிக்கையாளர் சேவைக்குக் கூப்பிட்டு, எழுத்தில் பதில் கேளுங்கள். கேமரா, பிரிண்டர் போன்றவற்றின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். ரவுட்டரின் மென்பொருளை அப்டேட் செய்யுங்கள்.

முகவரித் தட்டுப்பாட்டின் காலத்தில் இணையத்தை இன்னொருவரோடு பங்கிட்டுக்கொண்டிருந்த வீடுகளுக்கு இப்போது சொந்தக் கதவு எண் கிடைக்கிறது. சொந்தக் கதவு வந்த பிறகு, அதைப் பூட்டும் பொறுப்பைப் பழைய காவலாளியிடமே விட்டுவைக்க முடியாது. அவர் வேலையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறார்.